கீன்னு சொன்னா நம்பலாமா: சிட்னி வர்ற தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீ கேட்டது இதுதானே. பிப்ரவரில மாஸ்டர்ஸ் சேர சிட்னி வர்றேன், பார்ட் டைம் வேலைக்கு இப்பவே மெயில் போட ஆரம்பிச்சுட்டேன், ஒரு ஆளு 'ஆர் யூ கீன்?'னு ஒத்தை வரில பதில் போட்டிருக்காரு, நான் ஈகர்னு எழுதணுமா எக்சைட்டட்னு எழுதணுமா, கூடவே ஸ்வெட்டர் எத்தனை, குக்கர் கொண்டு வரலாமா, ரூம் என்ன வாடகைன்னு. ஸ்வெட்டர் இங்க வந்து வாங்கு, குக்கர் கண்டிப்பா கொண்டு வா, ரூம் பத்தி வேற யாராவது சொல்லுவாங்க. எனக்கு அந்த கீன் மேட்டர் தான் முக்கியம், அதை வச்சுத்தான் புதுசா வர்ற பசங்கள ஏமாத்துறாங்க.

முதல்ல இந்த ஊர் கணக்கு. ஆஸ்திரேலியால ஆசையா இருக்குன்றதுக்கு கீன் தான் எல்லாரும் சொல்றது. வெள்ளிக்கிழமை படத்துக்கு போலாமான்னு மெசேஜ் போட்டா 'கீன்'னு மட்டும் பதில் வரும், அவ்ளோதான். ரொம்ப ஆசைன்னா 'கீன் ஆஸ்'னு சொல்லி அங்கயே நிறுத்திடுவான், எது மாதிரின்னு சொல்லவே மாட்டான். ஆனா 'நாட் சூப்பர் கீன்'னு சொன்னா ஏதோ கொஞ்சம் ஆசை இருக்குன்னு நினைச்சுடாத, அது வேணவே வேணாம்னு அர்த்தம். நம்மாளுங்க அது புரியாம மூணு தடவை, நாலு தடவை கேட்டு கழுத்தறுப்பாங்க, அவனும் முகத்துக்கு நேரா நோன்னு சொல்லாம சிரிச்சுக்கிட்டே நழுவுவான்.

அடுத்து நம்ம ஊர் லெட்டர் ஸ்டைல். 'ஈகர்லி அவெய்ட்டிங் யுவர் பாசிட்டிவ் ரிப்ளை' எல்லாம் தயவுசெஞ்சு தூக்கிடு. ஈகர் தப்பான வார்த்தை இல்ல, ஆனா ஒரே அப்ளிகேஷன்ல ரெண்டு தடவை வந்தா கெஞ்சுற மாதிரி ஆயிடும், ஆபீஸ்ல ஈகர் பீவர்னு ஒருத்தன சொன்னா அது பாராட்டும் இல்ல, மேனேஜர் முன்னாடி ஓவரா துள்றவன்னு கிண்டல். ஆங்ஷியஸ் அதைவிட வம்பு. அதுக்கு ஆவலா இருக்கேன்னும் ஒரு அர்த்தம் உண்டு, 18ஆம் நூற்றாண்டுல இருந்தே வெள்ளைக்காரனே எழுதுறான், ஆனா இன்னைக்கு ஆபீஸ்ல சொன்னா பதட்டம்னு தான் காதுல விழும். இங்க 2009ல இருந்து செப்டம்பர் ரெண்டாவது வியாழக்கிழமை 'ஆர் யூ ஓகே டே'ன்னு ஒண்ணு நடத்துறாங்க, மனசு சரியா இருக்கான்னு ஒருத்தர ஒருத்தர் கேக்குற நாள். எங்க டீம்ல கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் புது ப்ராஜெக்ட் ஆரம்பிக்க 'ஐ ஆம் வெரி ஆங்ஷியஸ்'னு மீட்டிங்ல சொல்லப்போக, மேனேஜரம்மா அவர தனியா காஃபிக்கு கூட்டிட்டுப் போய் நைட்டு தூக்கம் வருதா, வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்களான்னு விசாரிச்சுது. மனுஷன் ஓசி காஃபி குடிச்சிட்டு குஷியா வந்தாரு, கடைசி வரைக்கும் ஏன்னு அவருக்குப் புரியல.

எக்சைட்டட் பத்தி பேசுனா எனக்கு இன்னும் கோவம் வருது. நான் வந்தது 2008 கடைசில, லேமன் பிரதர்ஸ் கவுந்து உலகமே ஆடிட்டு இருந்த நேரம். வெஸ்ட்மீட்ல ஒரு பிளாட்ல கும்பலா தங்கிக்கிட்டு பாரமட்டா லைப்ரரில உக்காந்து அப்ளிகேஷன் போடுவேன். கம்பெனிகளுக்கு ஆள் பிடிச்சுக் குடுக்குற ஒரு ரிக்ரூட்டர் போன் பண்ணி 'டீம் இஸ் ரியலி எக்சைட்டட் அபவுட் யூ'ன்னாரு. ரெண்டு ரவுண்டு இன்டர்வியூ, ரெண்டுலயும் அதே எக்சைட்டட். அப்புறம் போனே எடுக்கல, ஹயரிங் ஃப்ரீஸ், அதாவது ஆள் எடுக்குறதையே நிறுத்திட்டாங்கன்னு வேற ஒரு ஆள் மூலமா தான் தெரிஞ்சுது. அதுல இருந்து எவன் எக்சைட்டட்னாலும் த்ரில்ட்னாலும் நான் பாக்குறது மூணே விஷயம், என்ன தேதி, எவ்ளோ சம்பளம், யார் கையெழுத்து. இப்ப நம்மாளுங்களும் லிங்க்ட்இன்ல சீட்டு மாத்தி உக்காந்தா கூட 'த்ரில்ட் டு அனவுன்ஸ்'னு போடுறானுங்க, பாத்தாலே எரிச்சலா இருக்கு. ஒரே ஒரு இடத்துல இந்த மாதிரி வார்த்தைய கொஞ்சம் கவனிக்கலாம், வீடு விக்கிற விளம்பரத்துல 'மோட்டிவேட்டட் வெண்டர்'னு இருந்தா அந்தாளுக்கு சீக்கிரம் வித்தாகணும், விலை பேசிப் பாக்கலாம். அது உனக்கு இப்ப வேணாம் விடு.

இப்ப உன் மெயில். 'ஆர் யூ கீன்?'னு கேட்டது ரெஸ்டாரெண்ட்னா உஷாரா இரு, அதுவும் நம்மாளு நடத்துறதுன்னா ரொம்பவே. கீனா இருந்தா வந்து மூணு நாள் ட்ரையல் பண்ணு, சம்பளம் அப்புறம் பாக்கலாம்பாங்க. தட்டு கழுவ, வெங்காயம் உரிக்க, நைட்டு ஷட்டர் இறக்குற வரைக்கும் இழுத்தடிச்சுட்டு நாலாவது நாள் வேற ஒரு பையன், அவனும் கீன் தான். எங்க பிளாட்ல இருந்த ரெண்டு பசங்க இப்படி ஓசில உழைச்சுக் குடுத்தானுங்க. இங்க சட்டம் என்னன்னா உனக்கு வேலை தெரியுதான்னு பாக்குற அளவுக்கு மட்டும் தான் சம்பளமில்லாத ட்ரையல், அதுக்கு மேல போனா காசு குடுத்தாகணும். 2025 ஜூலையில தேசிய குறைஞ்சபட்ச சம்பளம் மணிக்கு 24.95 டாலர்னு வச்சாங்க, கேஷுவல்னா, அதாவது நிரந்தரமில்லாத வேலைன்னா, அதுக்கு மேல 25 சதவீதம். ஏமாத்துனா ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மன்னு சம்பளப் புகார் கேக்குற அரசாங்க ஆபீஸ் இருக்கு, அங்க போலாம், மொழிபெயர்ப்பாளர் வச்சு தமிழ்லயே பேசலாம். ஸ்டூடண்ட் விசால படிப்பு நடக்கும்போது ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் தான் வேலை பாக்கலாம், அதை வச்சே சில முதலாளி மிரட்டுவான், மிரண்டுடாத. அந்த மெயிலுக்கு 'யெஸ், கீன்'னு எழுதி, ஷிஃப்ட் எப்ப, மணிக்கு ரேட் என்ன, ட்ரையலுக்கு சம்பளம் உண்டான்னு அடுத்த வரிலயே கேளு. நேர்மையான ஆளு கோவிச்சுக்க மாட்டான்.

வந்த ரெண்டாம் மாசமே 'ஸ்டோக்ட், மேட்', 'ஃப்ராத்திங்'னு அலையுற கோஷ்டி ஒண்ணு இருக்கு, ரெண்டுமே செம குஷின்னு தான் அர்த்தம். அதெல்லாம் கடல்ல சர்ஃபிங் போற பசங்க பேச்சு, பீச்சுல கால் நனைக்காதவன் சொன்னா சிரிப்பா இருக்கும். இன்னொரு கோஷ்டி பெண்டில் ஹில் ஏரியால இருக்குற நம்மாளுங்க மளிகைக் கடைய தாண்டாது, இருபது வருஷம் ஆனாலும் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' தான். நான் நடுவுல நிக்கிறேன், என் பொண்ணே என் கீன் ஆஸ் நேச்சுரலா இருக்குன்னு சர்டிஃபிகேட் குடுத்திருக்கா. ஒண்ணு மட்டும் பாத்து பேசு, 'பஸ்டிங்'. 'பஸ்டிங் டு சீ யூ'ன்னா பாக்கத் துடிக்கிறேன், வெறும் 'ஐ ஆம் பஸ்டிங்'னா அவசரமா பாத்ரூம் போகணும்னு அர்த்தம்.

ரொம்ப ஆசைன்றதுக்கு 'கீன் ஆஸ் மஸ்டர்ட்'னு பெருசுங்க சொல்லும், மஸ்டர்ட்னா கடுகு. கீன்ஸ்னு ஒரு கடுகுப் பொடி கம்பெனி பேர்ல இருந்து வந்ததுன்னு நினைச்சுடாத, அது 1600கள்லயே இருந்த சொலவடை, கம்பெனி அப்புறமா வந்தது தான். இங்க சூப்பர் மார்க்கெட்ல கீன்ஸ் கறி பவுடர்னும் ஒரு டின் இருக்கும், அது 19ஆம் நூற்றாண்டுல டாஸ்மேனியால ஜோசப் கீன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. அந்த டாஸ்மேனியா தலைநகர் ஹோபார்ட் போனப்ப மலைச்சரிவுல வெள்ளை எழுத்துல பெருசா கீன்ஸ் கறின்னு எழுதியிருக்கிறத பாத்து என் வீட்டுக்காரி, நம்ம ஆச்சி மசாலாவுக்கு கூட இப்படி ஒரு மலை இல்லியேன்னா. டின் வாங்கிப் பாத்தோம், நம்ம குழம்புக்கு சரிப்படல. நீ சாம்பார் பொடி கொண்டு வா, ஏர்போர்ட் கார்டுல சாப்பாட்டுப் பொருள் இருக்கான்னு கேட்டா யெஸ்னு டிக் போடு, மறைச்சா ஃபைன் தீட்டிடுவான்.