கோதுமையும் மணிச்சத்தும்: கேட்டதும் சொன்னதும்

கே: பழைய கோதுமை ரகங்கள் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இல்லாத மண்ணிலும் வரும், புது ரகம் டிஏபி என்ற மணிச்சத்து உரம் இல்லாமல் தேறாது என்கிறார்களே?

ப: பாதி உண்மை. இதில் இரண்டு திறமை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் சண்டையே. மண்ணிலிருந்து வேர் எவ்வளவு இழுக்கிறது என்பது ஒன்று, இழுத்ததில் எவ்வளவு விளைச்சலாகிறது என்பது இன்னொன்று. மணிச்சத்து மண்ணில் சில மில்லிமீட்டருக்கு மேல் நகராது, வேர்தான் தேடிப் போக வேண்டும், அதனால் வேர்த்தூவி நீளமாக உள்ள ரகத்துக்கு யோகம். சில நாட்டு ரகங்கள் இதில் கெட்டி. ஆனால் நெஞ்சு உயரம் வளர்ந்து இழுத்ததில் ஒரு பங்கை வைக்கோலில் விட்டுவிடும். நோரின் 10 என்ற ஜப்பானியக் குட்டைக் கோதுமையின் வழிவந்த புதுக் குட்டை ரகங்கள் கதிருக்குக் கூடுதலாகத் தள்ளும். மெக்சிகோ கோதுமைகளை வைத்துச் செய்த சோதனைகளில் மணிச்சத்து குறைந்த நிலத்திலும் புது ரகங்கள் பழையதை முந்தின. அங்கேயே இன்னொன்றும் தெரிந்தது: அமில மண்ணில் இழுக்கும் திறமைதான் ஜெயிக்கும், சுண்ணாம்பு மண்ணில், பாசன வயலில் இரண்டாவது திறமை. மண்ணைச் சொல்லாமல் ரகத்தைக் கேட்காதீர்கள்.

அப்புறம், டிஏபியோடு ஜிங்க் சல்பேட் என்ற துத்தநாக உரத்தைக் கலக்காதீர்கள். யாரும் கேட்கவில்லை, தெரியும்.

கே: ஏக்கருக்கு எத்தனை மூட்டை டிஏபி?

ப: மண் பரிசோதனை அட்டையோடு வாருங்கள்.

கே: எப்படிப் பார்த்தாலும் புது ரகம் மண்ணைச் சுரண்டுகிறதே?

ப: சரி, கணக்குப் போடுவோம். புது ரகத்தில் ஹெக்டேருக்கு 5 டன், டன்னுக்குச் சுமார் 3 கிலோ பாஸ்பரஸ், ஆக 15 கிலோ தானியத்தோடு போய்விடுகிறது. உர மூட்டையில் பாஸ்பரஸை ஆக்சைடாக (P2O5) எழுதுவார்கள், அந்தக் கணக்கில் அது 34 கிலோ, அதாவது ஒன்றரை மூட்டை டிஏபி. பழைய ரகத்துக்கு 2 டன், டன்னுக்கு 3.5 கிலோ என்று வைத்தால் 7 கிலோதான். ஹெக்டேர் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதே 5 டன்னைப் பழைய ரகத்தில் எடுக்க இரண்டரை ஹெக்டேர் உழ வேண்டும், போவது 17.5 கிலோ.

கே: இது விதை வியாபாரிக்கு வக்காலத்து!

ப: மேலே நாட்டு ரகத்தின் வேரைப் புகழ்ந்தேனே, அது யாருக்கு வக்காலத்து? அந்த வேரை எடுத்துக் குட்டை ரகத்தில் ஏற்ற வேண்டும் என்பதுதான் என் கட்சி. நாட்டு ரகத்தை அழிய விட்டால் அதற்கும் வழியில்லை.

கே: சம்பா கோதுமை?

ப: அது வேறு இனம், சப்பாத்திக் கோதுமையோடு நிறுத்தி ஒப்பிடாதீர்கள்.

கே: டிஏபி எத்தனை மூட்டை என்று சொல்லவே இல்லையே?

ப: அட்டை.

கே: டிஏபியை மேலுரமாகத் தூவலாமா?

ப: நகராது என்றேனே! தூவினால் மேல்மண்ணிலேயே கிடக்கும். விதைக்கும்போதே, விதைக்குக் கொஞ்சம் கீழே.

கே: டிஏபி, ஜிங்க் இரண்டையும் ஒரே நாளில் கலந்து போட்டால் கூலி மிச்சமாகுமே?

ப: கூலி மிச்சம்தான். ஜிங்க் பாஸ்பேட்டாகிக் கரையாமல் கிடக்கும், ஜிங்குக்குக் கொடுத்த காசு போச்சு.