“சுடவே இல்லையே, காட்டினதுகூடத் தப்பா?”

கேள்வி: எங்கள் அண்ணனுக்குச் சொந்தமாக இரண்டு டிரெய்லர் லாரி. டீசல், டிரைவர் பேட்டா என்று எப்போதும் பணத்தோடு அலைகிறவர், அதனால் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிறார். போன மாதம் ஓர் இரவு, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் வரிசைக்கு நடுவே ஒரு குட்டியானை (மினி லாரி) அவர் காரின் சைடு மிரரை உடைத்துவிட்டது. வாய்த்தகராறு. இரண்டு பையன்கள் இறங்கி வந்து காரை மறித்துக்கொண்டு கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார்கள். அண்ணன் சட்டையைத் தூக்கி இடுப்பிலிருந்ததைக் காட்டினார். அப்புறம் அதை எடுத்து பானட் மேல் வைத்தார். அவர்கள் போய்விட்டார்கள். பக்கத்து லாரியிலிருந்து யாரோ எடுத்த வீடியோ இப்போது ஏரியா முழுக்கச் சுற்றுகிறது. ஸ்டேஷனுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். “சுட்டேனா? குறிகூட வைக்கலையே. லைசென்ஸ் இருக்கு” என்கிறார் அண்ணன். கலிபோர்னியாவில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகனும் “அங்கெல்லாம் இது சகஜம்” என்கிறார். அண்ணி சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. என்ன ஆகும்?
– பெயர் வேண்டாம், திருவொற்றியூர்

பதில்: முதலில் அண்ணனின் கேள்விக்கு. ஆமாம், காட்டினதே தப்புதான். சுடாததால் கொலை முயற்சி வழக்கு வராமல் தப்பித்தார், அவ்வளவுதான்.

அந்த வீடியோவை உங்கள் வீட்டில் எல்லாரும் அண்ணனைப் பார்த்தபடியேதான் பார்த்திருப்பீர்கள். இன்னொரு முறை போட்டு, எதிரே நிற்கிற பையன்களை மட்டும் கவனியுங்கள். பிஸ்டல் பானட் மேல் வந்ததும் முன்னால் நின்றவன் ஓரடி பின்னால் வைக்கிறானா? அரசு வக்கீல் நீதிமன்றத்தில் நிறுத்தி நிறுத்திக் காட்டப்போவது அந்த ஓரடியைத்தான். பயமுறுத்தும் எண்ணத்தோடு மிரட்டுவதுதான் குற்றம். இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு, “எந்த வழியில்” மிரட்டினாலும் என்கிறது. வாயைத் திறக்க வேண்டியதில்லை. சட்டையைத் தூக்கினாலே போதும். சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை சிறை. உயிருக்கு அல்லது கொடுங்காயத்துக்கான மிரட்டல் என்றால் 7 ஆண்டு வரை. துப்பாக்கியைக் காட்டிவிட்டு, அது சாதாரண மிரட்டல்தான் என்று வாதாடுவது எனக்கே கஷ்டம்.

லைசென்ஸ் இருக்கிறதே என்கிறார். லைசென்ஸ் இல்லாவிட்டால் வைத்திருந்ததற்கே குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு. அது அவரை அந்த ஆபத்திலிருந்து மட்டும்தான் காப்பாற்றுகிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் உறையில் போட்டு, முழுக்க மறைத்துத்தான் எடுத்துப்போக வேண்டும். பொது இடத்தில் அதை எடுத்து வீசிக் காட்டுவதற்குத் தடை. மீறினால் லைசென்ஸ் ரத்து, துப்பாக்கி பறிமுதல் என்று அந்த விதியே சொல்கிறது. லைசென்ஸ் நிபந்தனையை மீறியதற்கு ஆயுதச் சட்டம் 30-ஆம் பிரிவில் தனியாக 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம். தேர்தல் அறிவித்தவுடன் அண்ணன் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார் இல்லையா? அது அரசு நம்பிக் கொடுத்திருக்கிற பொருள். நம்பிக்கை போனால் வேப்பேரி போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வரும்.

பல வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஒருவர் வந்தார். அவர் பார்க்கிங் சண்டையில் காட்டியது பர்மா பஜாரில் வாங்கிய, பிஸ்டல் மாதிரி இருக்கிற சிகரெட் லைட்டர். ஆயுதச் சட்டம் பாயவில்லை. மிரட்டல் வழக்கு பாய்ந்தது. எதிரே நிற்கிறவனுக்கு அது லைட்டர் என்று எப்படித் தெரியும்?

தற்காப்பு உரிமை சட்டத்தில் உண்டுதான், அதே நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில். ஆனால் போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. உரிமை இருக்கும்போதும் தேவைக்கு மேல் போகக் கூடாது. அண்ணன் காருக்குள் இருந்தாரா, இறங்கிவிட்டாரா? உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் பானட் மேல் வைத்தார் என்றால் இறங்கியிருக்கிறார். கதவைப் பூட்டிக்கொண்டு 112-க்குப் போன் போட்டிருக்கலாமே என்று நீதிபதி கேட்பார். பையன்கள் கையில் கத்தியோ கட்டையோ இருந்திருந்தால் கதை வேறு. அப்படி இருந்ததா என்று அண்ணனிடம் தனியாக, அண்ணி இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

கலிபோர்னியா அண்ணனுக்கு ஒரு தகவல்: அவர் ஊர்த் தண்டனைச் சட்டத்தின் 417-ஆம் பிரிவே, தற்காப்புக்கு அல்லாமல் கோபத்தோடு துப்பாக்கியை எடுத்துக் காட்டுவது குற்றம் என்கிறது. டெல்லியில் 2018 அக்டோபரில், ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டல் வாசலில் முன்னாள் எம்.பி.யின் மகன் ஒருவர் தகராறில் பிஸ்டலோடு நின்ற வீடியோ பரவியது. சுடவில்லை. யார் மேலும் நீட்டவில்லை என்றுதான் அவரும் சொன்னார். சில நாளிலேயே நீதிமன்றத்தில் சரணடைய வேண்டியதாயிற்று.

எனக்கு ஆற்றாமை என்னவென்றால், அன்றிரவு புகார்தாரராக இருந்திருக்க வேண்டியவர் அண்ணன். மிரரை உடைத்தது, வழி மறித்தது, நடு ரோட்டில் ஆபாசமாகத் திட்டியது, எல்லாம் அந்தப் பையன்கள் மேல் வழக்காகியிருக்கும். பத்து வினாடியில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஸ்டேஷனுக்குப் போகாமல் இருக்க வேண்டாம். ஆனால் ஒரு கிரிமினல் வக்கீலைப் பார்த்துவிட்டுப் போகட்டும். முன்ஜாமீன் தேவையா என்று எஃப்.ஐ.ஆர். நிலையைப் பார்த்து அவர் சொல்வார். பிஸ்டலைக் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். காரில் டேஷ்கேம் இருந்தால் அதன் பதிவை அழிக்கவே அழிக்காதீர்கள். பரவுகிற வீடியோவில் இல்லாத முதல் ஐந்து நிமிடம் அதில்தான் இருக்கும்.

பையன்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பேசலாம் என்று ஏரியாவில் யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். சாட்சியை மிரட்டினார் என்றாகிவிடும்; கிடைத்த ஜாமீனும் போகும். சமாதானம் என்றால் வக்கீல்கள் மூலம் மட்டும். அதிலும் ஆயுதச் சட்டப் பிரிவு போட்டிருந்தால், இரு தரப்பும் கை கொடுத்துக்கொண்டாலும் வழக்கு தானாக முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்க வேண்டியிருக்கும்.

கண்ணாடி உடைந்ததற்கும் வழி மறித்ததற்கும் அண்ணன் தரப்புப் புகாரை இப்போதாவது எழுதிக் கொடுங்கள். அதில் பிஸ்டலை எடுத்ததையும் எழுதச் சொல்லுங்கள். விட்டுவிட்டு எழுதினால் இன்ஸ்பெக்டர் போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுவார்.