வாசகர் கேள்வி: ‘கிராஃப்ட்’ என்றால் லஞ்சமா, உழைப்பா?

கேள்வி: ஊழல் வழக்கை ஆங்கில நாளிதழ்கள் ‘கிராஃப்ட் கேஸ்’ என்கின்றன. விளையாட்டுப் பக்கத்திலோ, பொறுமையாக நின்று ஐம்பது அடித்தவருக்கும் இதே சொல். ஒட்டு மாங்கன்றுக்கும் இதுவே. எல்லாம் ஒன்றா?

பதில்: எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. (கைவினையைச் சொல்லும் ‘சி’ கிராஃப்டை இதில் சேர்க்காதீர்கள், இது ‘ஜி’.) ஒட்டுக் கட்டுவதைக் குறிப்பது, எழுத்தாணிக்கான கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஒட்டுக்குச்சியின் நுனியை அப்படிக் கூராகச் சீவுவார்கள். தோல் ஒட்டு சிகிச்சைக்கும் அதுதான் மூலம். கிரிக்கெட்டில் வருவது பிரிட்டிஷ் வழக்கு: பாடுபட்டு உழைப்பது. மண்வெட்டியை ஒருமுறை அழுத்தினால் பெயரும் மண்ணின் ஆழத்துக்கு அங்கே வட்டார வழக்கில் இந்தப் பெயர் உண்டு. உழைப்பு அதிலிருந்து கிளைத்திருக்கலாம்.

ஊழல் பொருள் அமெரிக்கச் சரக்கு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேப்படிக்காரர்களும் எத்தர்களும் தங்கள் தொழிலுக்கு வைத்திருந்த குழூஉக்குறி, 1900 வாக்கில் நகராட்சி அரசியலில் நிலைத்துவிட்டது.

கேள்வி: அப்படியானால் ‘லஞ்சம்’ என்றே மொழிபெயர்க்கலாமே?

பதில்: கூடாது. லஞ்சத்துக்குக் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். கிராஃப்டுக்கு அவர்கூடத் தேவையில்லை. நியூயார்க்கின் ‘டாமனி ஹால்’ என்ற கட்சி அமைப்பின் அரசியல்வாதி ஜார்ஜ் வாஷிங்டன் பிளங்கிட் இதைக் கூச்சமே இல்லாமல் விளக்கியவர். நீதிமன்றக் கட்டடத்தில் ஷூ பாலிஷ் போடும் இடம்தான் அவருக்கு மேடை. பூங்கா வரப்போகும் இடம் கட்சிக்காரருக்கு முன்கூட்டியே தெரியும். அங்குள்ள நிலத்தை வாங்கிப் போடுவார். அறிவிப்பு வந்ததும் நல்ல விலைக்கு விற்பார். யாரும் யாருக்கும் கவர் கொடுக்கவில்லை. இதற்கு அவர் சூட்டிய பெயர் ‘நேர்மையான கிராஃப்ட்’! அவருடைய பேச்சுகள் 1905-இல் அச்சேறின. அடுத்த சில ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ‘கிராஃப்ட்’ வழக்குகளில், மாநகராட்சியை ஆட்டிவைத்த ஏப் ரூஃப் வாங்கியதெல்லாம் வக்கீல் ஃபீஸ் என்ற பெயரில்தான். 1908-இல் அவருக்கு 14 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆகவே தமிழில் ‘ஊழல்’ என்பதே பொருந்தும். தலைப்பில் இடம் மிச்சம் என்பதால் ஆங்கில நாளிதழ்களுக்கு இந்த ஐந்தெழுத்தின்மேல் தனிப் பிரியம். நம் சட்டம் இந்தச் சொல்லைத் தொடுவதில்லை. 1988 ஊழல் தடுப்புச் சட்டம், 2018 திருத்தத்துக்குப் பின் ‘முறையற்ற ஆதாயம்’ என்கிறது. ஆங்கிலத்தில் புகார் எழுதுவோர் இந்தச் சொல்லை விட்டுவிட்டு, கேட்டவர் யார், எந்த வேலைக்கு, எவ்வளவு, என்றைக்கு என்று எழுதுங்கள். வேறு வழியின்றிக் கொடுத்துவிட்டீர்களா? 7 நாட்களுக்குள் புகார் தந்தால்தான் ‘கொடுத்த குற்றம்’ உங்கள்மேல் வராது.