பெண்களை விரும்பும் பெண்களின் குழுக்களுக்குள் ஏன் இவ்வளவு ஒதுக்கல்? வெளியே படுகிற பாடு போதாதா?

பெயரை மறைத்துத்தான் எழுதுகிறேன். என் அம்மா இதே கேள்வி-பதில் தளத்தில் வற்றல் குழம்பு பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் கண்ணில் இது பட்டால் வேறு கதையாகிவிடும்.

கேள்வி கேட்டவர் கீழே விளக்கமும் கொடுத்திருக்கிறார். ஒரு வருடம் தேடி ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். தனக்கு ஆண்கள் மேலும் ஈர்ப்பு உண்டு, தான் பைசெக்ஷுவல் என்று சொன்ன நாளிலிருந்து யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் பார்த்தால் எல்லோரும் வேறு புதுக் குழுவுக்குப் போய்விட்டார்கள், இவருக்கு மட்டும் லிங்க் வரவில்லை. பழைய குழுவில் இவரும், எப்போதுமே பேசாத நாலு பேரும் மிச்சம். படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் அந்த மாதிரிப் பழைய குழுவிலும் இருந்திருக்கிறேன், லிங்க் அனுப்பாத பக்கத்திலும் இருந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் முதன்முதலாகப் போனது 2016-இல், வேளச்சேரியில் ஒரு மொட்டை மாடிக்கு. பதினான்கு பேர். யாரோ ஒரு பெரிய டப்பா நிறையப் புளியோதரை கொண்டுவந்திருந்தார்கள். அதுவரை என் வாழ்க்கையில் என்னைப் போன்ற ஒரு பெண்ணைக்கூட நேரில் பார்த்ததில்லை. திடீரென்று பதினான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அப்பளத்தை உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒவ்வொருவராகத் தன் கதையைச் சொன்னார்கள். என் முறை வந்ததும், கல்லூரியில் இரண்டு வருடம் ஒரு பையனைக் காதலித்தேன், அதுவும் பொய்யில்லை, இப்போது ஒரு பெண்ணை நினைத்துத் தூக்கம் போவதும் பொய்யில்லை என்றேன். 'ஓ' என்று ஒரு சத்தம் வந்தது. ஒருத்தி சிரித்துக்கொண்டே, "அப்ப நீ டூரிஸ்ட்டா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு எனக்குத் தகவலே வரவில்லை. விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து நானே கேட்டு வாங்கிப் போனேன். அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். மூன்றாம் மாதம்தான் எனக்கு உறைத்தது.

அந்த வீட்டில் குடியிருந்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தட்டு கழுவும்போது அவரிடம் கேட்டே விட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. "நாளைக்கு உங்க வீட்டுல மாப்பிள்ளை பார்ப்பாங்க. உனக்கு அந்தப் பக்கமும் ஒரு கதவு இருக்கு, நீ போயிடுவ. எங்கள்ல ஒருத்திய அழ வச்சிட்டுப் போவ." கோபமாக இருந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, குழாயை மூடாமலே, அவருடைய கதையைச் சொன்னார். ஏழு வருடம் கூட இருந்தவளுக்குத் தஞ்சாவூரில் கல்யாணம். இவர் கல்யாணப் பெண்ணின் தோழியாகப் போயிருக்கிறார். முகூர்த்தத்துக்கு முன்னால் ஜடையில் வைத்த பூ சரிந்துவிட்டதாம். வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்க, ஊக்கு குத்திச் சரிசெய்தது இவர்தான். "கழுத்துக்குப் பின்னால ஒரு மச்சம் இருக்கும் அவளுக்கு. அதுமேல ஊக்கு பட்டுடாம குத்தினேன்" என்றார்.

இதைக் கேட்ட பிறகு அவர் மேல் கோபப்பட எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் அவர் சொன்ன கணக்கு தப்பு என்பதும் அன்றைக்கே தெரிந்தது. அந்தத் தஞ்சாவூர்ப் பெண் பைசெக்ஷுவல் இல்லை, அவரைப் போலவே லெஸ்பியன்தான். அவளைக் கல்யாணத்தில் தள்ளியது அவள் அப்பா. அப்பாவை வெளியே நிறுத்த முடியவில்லை. என்னை நிறுத்த முடிந்தது.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1955-இல் சான் பிரான்சிஸ்கோவில் நான்கு ஜோடிகள், எட்டே பெண்கள், சேர்ந்து 'டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ்' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். டெல் மார்ட்டின், பிலிஸ் லயன் என்ற புகழ்பெற்ற ஜோடி அதில் உண்டு. பெண்கள் பெண்களைச் சந்திக்க அன்றைக்கு மதுக்கடைகளை விட்டால் வேறு இடமில்லை, அங்கே எந்த நேரமும் போலீஸ் புகும். அதற்குப் பயந்து, பாதுகாப்பாக ஒரு வீட்டுக் கூடத்தில் கூடலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். சரி, நல்ல விஷயம். ஆனால் அவர்களுடைய கொள்கை அறிக்கையிலேயே, சமூகம் ஏற்றுக்கொள்ளும்படியான நடத்தையும் உடையும் வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு பேண்ட் போட்டு வந்த உழைக்கும் வர்க்கப் பெண்களுக்கு அந்த ஒரு வரி போதும், கூடம் யாருக்கானது என்று புரிந்திருக்கும். உள்ளே வந்து உட்காருவதற்கு ஆட்சேபணை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும்படி வரக்கூடாது, அவ்வளவுதான். நம் பக்கத்தில் "நீ இப்படி கிராப் வெட்டிட்டு வந்தா ஹவுஸ் ஓனர் கேப்பாரு" என்று ஒரு தோழியிடம் சொல்லியிருக்கிறார்கள். எழுபது வருடம் கழித்தும் அதே வரி.

அதே சங்கத்தின் சான் பிரான்சிஸ்கோ கிளையில் துணைத் தலைவராக இருந்தவர் பெத் எலியட், கிதார் வாசித்துப் பாடுகிற பெண். அவர் திருநங்கை, லெஸ்பியன். 1972-இல் கிளையில் பிரச்சினை வெடித்து, ஓட்டெடுப்பு நடந்து, திருநங்கைகளுக்கு இடமில்லை என்று முடிவானது. துணைத் தலைவராக வேலை வாங்கிய பிறகு! அடுத்த வருடம், 1973 ஏப்ரலில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் மேற்குக்கரை லெஸ்பியன் மாநாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வந்திருந்தார்கள். பெத் எலியட் மாநாட்டை ஏற்பாடு செய்த குழுவிலேயே இருந்தவர், மேடையில் பாடவும் வேண்டும். அவர் ஏறியதும் ஒரு கூட்டம் மேடையை மறித்துக் கத்தியது. பாடலாமா கூடாதா என்று அரங்கிலேயே ஓட்டுக்கு விட்டார்கள். பாடட்டும் என்றுதான் பெரும்பான்மை சொன்னது. அவர் கொஞ்சம் பாடிவிட்டு இறங்கிப் போய்விட்டார். மறுநாள் முக்கிய உரை பெண்ணிய எழுத்தாளர் ராபின் மார்கனுடையது. அதில் பெத் எலியட்டைப் பிடித்துக் கிழித்தார். அந்த ராபின் மார்கன் அப்போது ஓர் ஆணுக்கு மனைவி, கைக்குழந்தைப் பருவம் தாண்டிய ஒரு மகனுக்கு அம்மா. யார் உண்மையான லெஸ்பியன் என்று சொல்லும் மேடை அவருக்குக் கிடைத்தது. இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, கசப்பான சிரிப்பு.

இன்னொன்று கவனியுங்கள். பெரும்பான்மை பெத் எலியட் பக்கம் இருந்தது. ஆனாலும் அவர் போய்விட்டார். ஒருவரை வெளியேற்றப் பாதிப் பேர் தேவையில்லை. பத்துப் பேர் கத்தினால், மற்றவர்கள் கை தூக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், போதும். நான் இருந்திருந்தால் நானும் நியாயமாகக் கை தூக்கியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். நிஜத்தில் என் முறை வந்தபோது என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், குழுவுக்கு ஏன் வாசற்கதவு வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எங்களை வெறும் திமிர் பிடித்தவர்கள் என்று நினைப்பீர்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன சுஷ்மா வழக்கு நினைவிருக்கலாம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள். வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேடி வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இந்த விஷயத்தில் புரிதல் போதவில்லை என்று ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அந்த ஜூன் 7-ஆம் தேதி உத்தரவு எழுதினார். போலீஸ் தொந்தரவு கூடாது, 'ஈர்ப்பை மாற்றுகிறேன்' என்று வைத்தியம் செய்யக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு ஒதுங்க இடம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அந்த மாதிரி இடம் கொடுக்கிறவர்களின் முகவரி தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும்? எங்கள் குழுவில் ஒருமுறை ஒரு பெண்ணின் அண்ணனே பெண் பெயரில் கணக்கு திறந்து உள்ளே வந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீட்டில் காட்டிவிட்டான். அவள் ஐந்து வாரம் போனே இல்லாமல் அறையில் கிடந்தாள். அதற்குப் பிறகுதான் புதிதாக வருபவர்களை இரண்டு அட்மின்கள் வீடியோ காலில் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பது என்று விதி வந்தது. அதற்குள் எட்டு வருடப் பழக்கத்தில் நானும் ஓர் அட்மின் ஆகியிருந்தேன். டூரிஸ்ட் என்ற பட்டமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

2024-இல் இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் தமிழில் எழுதினாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் லைன் வேலை, கம்பெனி ஹாஸ்டல், ஒரே அறையில் பன்னிரண்டு பேர், ஷிப்ட் மாறி மாறி. இரவு பத்தரைக்கு வீடியோ கால். அவள் குளியலறையில் நின்றிருந்தாள் என்பது பின்னால் தொங்கிய வாளியைப் பார்த்துத்தான் தெரிந்தது. விளக்கு இல்லை, கன்னத்தில் பாதிதான் தெரிந்தது. யாரோ கதவைத் தட்டும்போதெல்லாம் தண்ணீரைத் திறந்துவிட்டாள். என்னோடு இருந்த அட்மின் நல்லவள்தான், ஆனால் யோசிக்காமல் ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டாள்: உன் புரொனவுன் என்ன (அவன், அவள் என்று உன்னை எப்படிச் சொல்வது), எப்படி ஐடென்டிஃபை பண்ணுகிறாய்? அந்தப் பெண் ரொம்ப நேரம் கழித்து, "எனக்கு இங்க ஒரு பொண்ண புடிக்கும்கா" என்றாள். அதைவிடத் தெளிவான பதில் இந்தக் கேள்விக்கு இருக்கிறதா?

நாலு நிமிடத்தில் கால் முடிந்தது. முகம் சரியாகத் தெரியவில்லை, குரல் கொஞ்சம் தடிப்பாக இருந்தது, கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினாள், ரிஸ்க் வேண்டாம் என்று மற்றவள் எழுதினாள். நான் 'சரி' என்று ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் வேலை இருந்தது, அவ்வளவுதான் காரணம். தடிப்பான குரலைப் பற்றி யோசித்தேனா என்றால், யோசித்தேன், கேட்கவில்லை.

தனி அறை உள்ளவர்கள், நல்ல நெட் உள்ளவர்கள், ஆங்கிலத்தில் தன்னைப் பற்றி நாலு வரி சொல்லத் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்தக் காலில் தேறிவிடுவார்கள். அந்த அண்ணன்காரன்கூட ஒரு தோழியை உட்காரவைத்துத் தேறியிருப்பான். மாட்டியது இவள்தான். எங்கள் கூட்டமும் அப்போது ஒரு காபி இருநூற்றைம்பது ரூபாய் விற்கும் இடத்தில்தான் நடந்துகொண்டிருந்தது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரைட் என்ற வானவில் ஊர்வலத்தன்று மட்டும் எல்லோரும் சமம்.

கேள்வி கேட்டவருக்கு: காதல், நட்பு, அவசரத்துக்கு ஒரு இரவு தங்க இடம், எல்லாம் ஒரே முப்பது பேரிடம்தான் கிடைக்கும் என்றால் அந்த முப்பது பேரும் பதறிக்கொண்டேதான் இருப்பார்கள். ஒரு ஜோடி பிரிந்தால் குழு இரண்டாகும், பழைய காதலி வரும் கூட்டத்துக்குப் புதுக் காதலி வரமாட்டாள். உங்களுக்கு லிங்க் வராததில் பாதி உங்கள் பைசெக்ஷுவல் விஷயமாகவே இல்லாமலும் இருக்கலாம், யாரோ ஒருத்தியின் எக்ஸ் உங்களோடு இரண்டு நாள் நன்றாகப் பேசியிருப்பாள். அந்தப் பழைய குழுவில் மிச்சமிருக்கும் நாலு பேருக்குத் தனித்தனியாக ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள். பேசாதவர்கள் எல்லோரும் பேச விருப்பமில்லாதவர்கள் இல்லை. எனக்கு இன்றைக்கு இருக்கிற நெருங்கிய தோழி அப்படி மிச்சமிருந்தவள்தான்.

எங்கள் குழுவில் இப்போது வீடியோ கால் கட்டாயமில்லை. தமிழில் போனில் பேசிவிட்டு, பகல் வெளிச்சத்தில் கடற்கரையிலோ பூங்காவிலோ ஒருமுறை பார்க்கிறோம். குரலை வைத்து யாரையும் நிறுத்தக்கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறோம். அதற்கும் சண்டை வந்து, மூன்று பேர் விலகிப் போனார்கள்.

அந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்ணுக்குப் போன மாதம் நானே எழுதினேன். அன்றைக்கு நாங்கள் செய்தது தப்பு, முகம் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டோம், இப்போது வரமுடியுமா என்று கேட்டேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது.

"ஞாபகம் இருக்குக்கா. அன்னைக்கு நீங்க ரெண்டு பேருமே கேமரா போடல."