நான்கு பூனைகளில் ஒன்றுக்குச் சளி: அறைக் கதவை மூடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பூனைகள். அதில் மூன்று வயதுப் பெண் பூனைக்கு நான்கு நாளாகத் தும்மல், மூக்கொழுகல், கண்ணில் பீளை. வைரஸால் வந்த சளி என்று சொல்லி மருத்துவர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்திருக்கிறார். நேற்றிலிருந்து சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. தனி அறையில் விட்டால் கதவைப் பிறாண்டி அழுகிறது. மனசு கேட்காமல் திறந்துவிட்டேன். மற்ற மூன்றும் அதைப் பார்த்துச் சீறுகின்றன. தொட்டால் உடம்பு சுடுகிறது. வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலில் கால் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்கவே கூடாது. பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும். ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு திணறும். ஒரு சிறு துண்டே உயிரைப் பறிக்கப் போதும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மீதியைப் பிறகு படியுங்கள். இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அந்த விஷத்தை முறிக்கும் மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். பூனையின் உடம்பு நம்முடையதைவிட இயல்பாகவே சூடு, சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். கையால் தொட்டுக் காய்ச்சல் என்று முடிவு செய்ய முடியாது.

அடுத்தது கதவு. தயவுசெய்து மூடிவிடுங்கள். நான்கு நாள் ஒன்றாக இருந்துவிட்டார்களே, இனி பிரித்து என்ன பயன் என்று தோன்றலாம். மற்றவர்களுக்குக் கிருமி போயிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் தனி அறை வேண்டும் என்று நான் வற்புறுத்த வேறொரு காரணம் இருக்கிறது. நான்கு பூனைகள் உள்ள வீட்டில் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்பது யாருக்கும் சரியாகத் தெரிவதில்லை. கிண்ணம் காலியாக இருக்கும். காலி செய்தது வேறொரு பூனையாக இருக்கும். மலம், சிறுநீர் கழிக்கும் லிட்டர் பாக்ஸும் அப்படித்தான். தனி அறையில் இருந்தால் எத்தனை வாய் சாப்பிட்டது, சிறுநீர் போனதா என்பதெல்லாம் சந்தேகமில்லாமல் தெரியும். நோயுற்ற பூனையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்தத் தகவல்தான். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், மருத்துவருக்கு மிகவும் உதவும்.

அது அழுவது தனிமையால். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, நீங்கள் உடுத்திய பழைய துணி ஒன்று, சாப்பாட்டிலிருந்து தள்ளி லிட்டர் பாக்ஸ், இவை இருக்கட்டும். அப்புறம் நீங்கள் போய் உட்காருங்கள். கொஞ்ச வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பார்த்தாலே பல பூனைகள் அடங்கிவிடும்.

இப்போது சாப்பாடு. என்னைக் கவலைப்பட வைப்பது தும்மல் இல்லை, இதுதான். பூனை வாசனை தெரிந்தால்தான் வாய் வைக்கும். உங்கள் பூனை முகர்ந்துவிட்டுத் திரும்புகிறது என்றால் அதற்கு வாசனை எட்டாமல் இருக்கலாம். எனவே மூக்கிலிருந்து தொடங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை மூக்கு நுனியில் சிறிது நேரம் ஒற்றி வைத்தால், காய்ந்த பொருக்கு ஊறிவிடும். பிறகு மெதுவாகத் துடைத்தால் வலிக்காமல் வந்துவிடும். இழுத்துப் பிய்த்தால் புண்ணாகும். பூனை உடனே நாக்கை நீட்டி மூக்கை நக்கிக்கொள்ளும். அதுதான் சரியான நேரம், கிண்ணத்தை அப்போது வையுங்கள். கண்ணுக்கு வேறு பஞ்சு, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி. சளி கெட்டியாக இருந்தால், வெந்நீர் திறந்துவிட்டு ஆவி நிறைந்த குளியலறையில் பூனையோடு பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். அந்தத் தண்ணீரில் யூக்கலிப்டஸ் எண்ணெய், கற்பூரம், தைலம் எதுவும் கூடாது. எல்லாம் பூனைக்கு விஷம்.

ஈர உணவை லேசாகச் சூடாக்கி, விரலில் எடுத்து உதட்டில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் கிண்ணத்தை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் புதிதாக வையுங்கள். பிடித்து அழுத்தி வாயில் திணிக்காதீர்கள். உணவு நுரையீரலுக்குள் போகலாம். அந்த உணவையே பூனை வெறுக்கவும் தொடங்கலாம். எச்சில் வடிகிறதா, மென்று பாதியில் நிறுத்துகிறதா என்றும் கவனியுங்கள். பூனைச் சளிக்குக் காரணமாகும் கிருமிகளில் ஒன்றான கலிசி வைரஸ் நாக்கில் புண் உண்டாக்கும். அப்படியானால் பசி இருந்தாலும் வலி விடாது. அதற்குப் பூனைக்கு உரிய வலி மருந்தை மருத்துவர் தருவார்.

24 மணி நேரம் ஒன்றுமே உள்ளே போகவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். நேற்றிலிருந்து என்று எழுதியிருக்கிறீர்கள்; அப்படியென்றால் இன்றே அழையுங்கள். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே உடம்பின் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேரத் தொடங்கும். குண்டான பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். சளியில் பிழைக்க வேண்டிய பூனை இதில் போய்விடக் கூடாது. பசி தூண்டும் மருந்து, டிரிப்ஸ், தேவைப்பட்டால் குழாய் வழியாக உணவு என்று வழிகள் இருக்கின்றன.

டாக்ஸிசைக்ளின் பற்றி ஒரு விஷயம். அந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகிக் குழாய் சுருங்கிவிடலாம். ஒவ்வொரு முறையும் மாத்திரைக்குப் பின்னால் 5 மில்லி தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் ஓரமாகச் சிறிது சிறிதாக விடுங்கள்.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் சரி. 40ஐத் தாண்டினால் மருத்துவரிடம் போங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள்.

மற்ற மூன்றுக்கும் முதலில் சாப்பாடு வைத்து, எல்லா வேலையும் முடித்துவிட்டுக் கடைசியாக நோயாளியிடம் போங்கள். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, மேல்சட்டையை மாற்றுங்கள். இந்தச் சளிக்குக் காரணமாகும் இன்னொரு கிருமியான ஹெர்பஸ் வைரஸ் வெளியில் ஒரு நாளுக்குள் செத்துவிடும். கலிசி வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கிண்ணங்களைச் சோப்பில் கழுவிய பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 மில்லி வீட்டு பிளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவையுங்கள். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகள் பூனை வீட்டுக்கு வேண்டாம். மற்றவர்களுக்கு ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு நாளில் தும்மத் தொடங்குவார்கள். இரண்டு வாரம் கவனியுங்கள். தடுப்பூசி போட்டிருந்தால் நோய் வந்தாலும் லேசாகப் போகும்.

அவர்கள் சீறுவது வெறுப்பால் இல்லை. மருத்துவமனை வாசனையும் மருந்து வாசனையும் ஏறியதால் அது அவர்களுக்கு அந்நியப் பூனையாகத் தெரிகிறது. கோபித்து விரட்டாதீர்கள். தும்மலும் ஒழுகலும் முழுவதும் நின்று ஓரிரு வாரம் ஆன பிறகு, இரு பக்கத்துத் துணிகளையும் மாற்றிப் போடுங்கள். அடுத்து மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள். சீறல் நின்றதும் சில நிமிடம் உங்கள் கண் முன்னால் சந்திக்க விடுங்கள். ஹெர்பஸ் உடம்பைவிட்டு முழுதாகப் போகாது, மன உளைச்சல் வந்தால் திரும்பத் தலைகாட்டும். அதனால் இதில் அவசரம் வேண்டாம். சேர்ந்த பிறகும் கிண்ணங்கள் தனித்தனி இடத்தில் இருக்கட்டும். லிட்டர் பாக்ஸ் ஐந்து வையுங்கள், ஒரே மூலையில் வரிசையாக வேண்டாம்.