ஒரே பெயர், நாட்டுக்கொரு பட்டியல்

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மகள் வாங்கி வந்த சன்ஸ்கிரீனும், பாரிஸிலிருந்து உறவினர் கொண்டுவந்த சன்ஸ்கிரீனும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள்தாம். ஆனால் அவற்றில் உள்ள வேதிப்பொருள்கள் வேறு வேறாக இருக்கின்றன. ஒரு நாடு அனுமதிப்பதை இன்னொரு நாடு ஏன் அனுமதிப்பதில்லை? இவற்றில் எதைப் பூசலாம்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: இரண்டு டியூப்களையும் பின்புறம் திருப்பிப் பாருங்கள். அமெரிக்க டியூபில் ‘டிரக் ஃபேக்ட்ஸ்’ என்று கட்டம் கட்டி, ‘அவோபென்சோன் 3 சதவீதம்’ என்பதுபோல வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் வேதிப்பொருளான ஒவ்வொரு வடிகட்டியின் அளவையும் அச்சிட்டிருப்பார்கள். பிரெஞ்சு டியூபில் நீர், கிளிசரின் முதலியவற்றோடு வடிகட்டிகளின் பெயர்களும் கலந்தே வரும், அளவு இருக்காது. அமெரிக்கச் சட்டப்படி சன்ஸ்கிரீன் ஒரு மருந்து. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அது அழகுசாதனப் பொருள். எல்லா வேறுபாட்டுக்கும் வேர் இதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு அழகுசாதனச் சட்டத்தின் ஆறாம் இணைப்பில் இல்லாத வடிகட்டியை அங்கே சேர்க்க முடியாது. அதில் உள்ளவற்றுக்கும் உச்சவரம்பு உண்டு. புதிய ஆய்வுகள் வரும்போது அந்த வரம்பைக் குறைக்கவும் செய்கிறார்கள். ஆக்ஸிபென்சோன் என்ற வடிகட்டியை முகம், கை, உதடு ஆகியவற்றுக்கான கிரீம்களில் 6 சதவீதம் வரை சேர்க்கலாம் என்றும், உடல் முழுவதும் பூசுபவற்றில் 2.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் 2022-இல் விதித்தார்கள். பூசும் பரப்பு கூடினால் தோல் வழியாக உடலுக்குள் செல்லும் அளவும் கூடும் என்பதால், இது மிகப் பொருத்தமான பிரிப்பு என்றே கருதுகிறேன்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1999-இல் 16 வடிகட்டிகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு ஆகிய இரண்டுக்கு மட்டுமே போதிய பாதுகாப்புச் சான்று இருப்பதாக 2019-இல் முன்மொழிந்த அந்த நிர்வாகம், இரண்டை விலக்கவும், மற்ற 12-க்குக் கூடுதல் ஆய்வுத் தரவுகளைக் கேட்கவும் செய்தது. பலர் அஞ்சுவதுபோல, அந்தப் பன்னிரண்டும் நச்சு என்று இதற்குப் பொருள் இல்லை. இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமுக்கு மேல் ஒரு வடிகட்டி சேருமானால், அதை மேலும் சோதித்தாக வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் 2000-ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றுள்ள, புற ஊதாக் கதிர்களில் ஒரு வகையான யுவிஏ கதிர்களையும் நன்றாகத் தடுக்கும் பெமோட்ரைசினால் போன்ற வடிகட்டிகள், பரிசீலனையை விரைவுபடுத்த 2014-இல் தனிச் சட்டம் இயற்றிய பின்னும் பல ஆண்டுகள் அமெரிக்கப் பட்டியலில் ஏறவில்லை. இதில் இழப்பு அந்நாட்டு மக்களுக்கே. உங்கள் பாரிஸ் டியூபில் ‘பிஸ்-எத்தில்ஹெக்ஸிலாக்ஸிஃபீனால்’ என்று தொடங்கும் நீண்ட பெயர் இருந்தால், அது இந்தப் பெமோட்ரைசினால்தான்.

காலாவதித் தேதி தாண்டாதிருந்து, தோலுக்கும் ஒத்துக்கொண்டால் இரண்டையுமே பூசலாம். கருவுற்றவர்களோ சிறு குழந்தைகளோ வீட்டில் இருந்தால், அவர்களுக்குத் துத்தநாக ஆக்சைடு மட்டும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூச வேண்டாம்.