மே மாதம் வேடந்தாங்கலுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: மே விடுமுறையில் பிள்ளைகளை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போக நினைக்கிறோம். "சைபீரியாவிலிருந்து வந்த ஃபிளமிங்கோ கூட்டத்தைப் படகில் போய்ப் பார்க்கலாம், நிச்சயம்" என்று ஒரு சுற்றுலா ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா? (வாசகி, சேலம்)

பதில்: கட்டாதீர்கள். வேடந்தாங்கலில் படகு சவாரி கிடையாது. கரையில் நடந்தும் பார்வைக் கோபுரத்தில் ஏறியும்தான் பார்க்க வேண்டும். ஃபிளமிங்கோ, அதாவது பூநாரை, பார்க்க வேண்டுமென்றால் பழவேற்காடோ கோடியக்கரையோ போக வேண்டும், அதுவும் குளிர்காலத்தில். சைபீரியா கதையை நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம். வேடந்தாங்கலில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, வக்கா எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். வடக்கிலிருந்து வரும் கிளுவையும் ஊசிவால் வாத்தும் இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர் முடிந்ததும் கிளம்பிவிடும்.

அங்கே எல்லாமே தண்ணீரைப் பொறுத்ததுதான். ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களைச் சுற்றித் தண்ணீர் இருந்தால்தான் கூட்டுக்குப் பாதுகாப்பு. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரி அது. அதே தண்ணீர்தான் வயலுக்கும் பாய்கிறது. மே மாதத்தில் பெரும்பாலும் வற்றிக் கிடக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மழை நன்றாகப் பெய்து, பறவைகள் தாமதமாகக் கூடு கட்டிய வருடம். மஞ்சள்மூக்கு நாரையின் முட்டை பொரிய ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் முட்டையிட்டால் மே மாதத்திலும் கூட்டில் குஞ்சு இருக்கும். ஆனால் அதற்கு அதுவரை ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும். நிற்குமா என்று ஜனவரியிலேயே எந்த ஏஜென்ட்டாலும் சொல்ல முடியாது. அதனால் அந்த "நிச்சயம்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள்.

அணைகளின் நீர்மட்டம் தினமும் செய்தியில் வருகிறது. இந்த ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, சரணாலயம் திறந்திருக்கிறதா என்பதையும் அதே மாதிரி ஒரு வரி சொன்னால் என்ன? வெளியூர்க்காரர்களுக்கு இது எளிதில் தெரியாததால்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். பறவைகள் நிறைந்திருக்கும் மாதங்களில் பிள்ளைகளைத் தேர்வுக்குப் படிக்க வைத்துவிட்டு, ஏரி வற்றியபின் விடுமுறை விடுகிறோம். இதுவும் எனக்கு ஆறாத வருத்தம்.

சரி, என்ன செய்யலாம்? ஜனவரியில் ஒரு நாள் லீவு போட்டுப் போங்கள். காணும் பொங்கல் கூட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். கிளம்புமுன் வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள். மாலை நான்கு மணிக்குக் கரையில் இருந்தால், இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்புவதைப் பார்க்கலாம். பக்கத்திலுள்ள கரிக்கிலி ஏரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வாத்துகள் அங்கேதான் அதிகம். நுழைவுச் சீட்டு வாசலிலேயே கிடைக்கும்.